ஃபியூஸ் போகவில்லை, ஃபியூஸ் ஹோல்டர் உருகிவிட்டது: சப்வூஃபர் வயரிங்கை எங்கிருந்து சரிசெய்வது?

ஈரோடு_ஸ்விஃப்ட்:

வணக்கம் நண்பர்களே. என்னிடம் 2015 மாடல் பெட்ரோல் ஸ்விஃப்ட் இருக்கிறது. கம்பெனி செட்டை அப்படியே வைத்துக்கொண்டு, டிக்கியில் பேஸ் ஒலிக்கென்று 12 இஞ்ச் சப்வூஃபர் ஒன்றும் அதற்கு ஒரு மோனோ ஆம்ப்பும் (ஒரே சேனல் ஆம்ப்ளிஃபயர்) போன மாதம் ஒரு கடையில் கொடுத்து மாட்டினேன். சப்வூஃபர் டபுள் வாய்ஸ் காயில், ஒரு காயில் 2 ஓம், மொத்தம் 350 வாட் ஆர்எம்எஸ் (தொடர்ந்து தாங்குகிற பவர்) என்று போட்டிருக்கிறது. ஆம்ப் கிளாஸ் டி வகை. 4 ஓமில் 300 வாட், 2 ஓமில் 500 வாட், 2 ஓமுக்குக் கீழே போகக்கூடாது என்று அதனுடன் வந்த காகிதத்தில் இருக்கிறது. ஆம்ப்பின் பக்கவாட்டிலேயே 25 ஆம்பியர் ஃபியூஸ் இரண்டு செருகியிருக்கிறது.

போன ஞாயிறு குடும்பத்தோடு பழனிக்குப் போய்க்கொண்டிருந்தோம். தாராபுரம் தாண்டியதும் பிளாஸ்டிக் கருகுகிற வாசனை. முதலில் வெளியே யாரோ குப்பை எரிக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன், கண்ணாடியை ஏற்றிய பிறகும் வாசனை போகவில்லை, பின்சீட்டில் இருந்த சின்னவள்தான் "அப்பா, பின்னாடியிருந்து வருது" என்றாள். ஓரம் கட்டி டிக்கியைத் திறந்தால், ஆம்ப்புக்குப் பக்கத்தில் இருந்த கண்ணாடிக் குழாய் ஃபியூஸின் ஹோல்டர் உருகி வளைந்து கார்ப்பெட்டோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. உள்ளே ஃபியூஸ் நன்றாகவே இருக்கிறது, ஆம்ப்பும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. உடனே பானெட்டைத் திறந்து பேட்டரியிலிருந்து அந்தச் சிவப்பு வயரைக் கழற்றிவிட்டேன். அதன் பிறகும் பத்து நிமிஷத்துக்குக் கை நடுக்கம் நிற்கவில்லை.

இதற்கு முன்பே இரண்டு விஷயம் இருந்தது. சத்தம் கூட்டினால் ஆம்ப்பில் சிவப்பு புரொடெக்ட் லைட் எரிந்து பாட்டு நின்றுவிடும். இரண்டு நாள் காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை, தள்ளித்தான் எடுத்தோம்.

கடையில் கேட்டால் ஹோல்டரை மட்டும் மாற்றித் தருகிறோம் என்கிறார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. வீட்டு வயரிங் ஓரளவு செய்வேன், மல்டிமீட்டர் இருக்கிறது, நானே முதலிலிருந்து சரியாகச் செய்துவிட நினைக்கிறேன். ஆம்ப்பிலேயே ஃபியூஸ் இருக்கும்போது இன்னொன்று எதற்கு, எங்கே வைக்க வேண்டும்? வயர் எவ்வளவு தடிமன்? கடைக்காரர் போட்டது 8 கேஜ் கிட், கையில் எடுத்தால் வயர் ரொம்ப லேசாக இருக்கிறது. ஃபியூஸ் ஏன் போகவில்லை என்பதுதான் எனக்குச் சுத்தமாகப் புரியவில்லை.

மதுரை_ஆட்டோ_எலக்ட்ரீஷியன்:

தம்பி, பேட்டரியில் வயரைக் கழற்றினீர்கள் பாருங்கள், அதுதான் சரியான காரியம். இப்போதைக்கு அது அப்படியே கழன்றே இருக்கட்டும், முனையில் டேப் சுற்றி வையுங்கள்.

முதலில் ஃபியூஸ் எதற்கு என்பதைப் பார்த்துவிடுவோம், அது புரிந்தால் மற்றதெல்லாம் தானாக வரும். ஆம்ப்பில் இருக்கிற ஃபியூஸ் ஆம்ப்புக்காக. பேட்டரி பக்கத்தில் வைக்கிற ஃபியூஸ் வயருக்காக. பேட்டரியிலிருந்து டிக்கி வரைக்கும் கிட்டத்தட்ட ஐந்து மீட்டர் வயர் தகரத்தை ஒட்டிப் போகிறது. இன்ஜின் ரூமிலிருந்து உள்ளே வருகிற ஓட்டையில் தகரத்தின் விளிம்பு பிளேடு மாதிரி இருக்கும், கதவுப்படிக்குக் கீழே போகும்போது ஒரு ஸ்க்ரூ தவறி இறங்கலாம், வண்டி ஒரு வாரம் நின்றால் எலி கடிக்கலாம். எங்கே இன்சுலேஷன் விட்டாலும் அது நேராக பாடியோடு ஷார்ட். ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு நூறு ஆம்பியருக்கு மேல் அள்ளிக் கொடுக்கிற பேட்டரி அது, ஷார்ட் ஆனால் அதைவிடப் பல மடங்கு தள்ளும். உங்கள் கடைக்காரர் ஃபியூஸை டிக்கியில் வைத்திருக்கிறார், மாற்றுவதற்கு வசதி என்று நினைத்திருப்பார். ஆனால் ஷார்ட் ஆகிற இடத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஃபியூஸ் எதையும் நிறுத்தாது. ஐந்து மீட்டரும் காவல் இல்லாத வயர். 12 வோல்ட் ஆளை ஷாக் அடிக்காது என்பதால் எல்லோரும் அலட்சியமாக இருக்கிறார்கள், வண்டியை எரிக்க 12 வோல்ட் தாராளமாகப் போதும்.

ஆகவே ஃபியூஸ் பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஒன்றரை அடிக்குள், அதாவது 45 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். நான் ஒரு அடிக்குள்ளேயே முடித்துவிடுவேன். அளவு எவ்வளவு என்றால், வயர் எவ்வளவு தாங்குமோ அதற்குள். "ஃபியூஸ் அடிக்கடி போகிறது, பெரிதாகப் போட்டுவிட்டேன்" என்று சொல்லி வருகிறவர்களைத்தான் எனக்குப் பார்க்கவே பயமாக இருக்கும். உங்கள் ஆம்ப்பில் இரண்டு 25 இருக்கிறது, மொத்தம் 50. 16 ஸ்கொயர் எம்எம் சுத்தச் செம்பு வயர் இழுத்து 60 ஆம்பியர் மினி ஏஎன்எல் ஃபியூஸ் போடுங்கள். பிளேட் மாதிரி இருக்கும், இரண்டு பக்கமும் போல்ட் வைத்து இறுக்குவது. கண்ணாடிக் குழாய் வேண்டவே வேண்டாம்.

அந்த லேசான வயர் விஷயம். ஒரு இழையை எடுத்து பிளேடால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது அலுமினியத்துக்கு மேல் செம்புப் பூச்சு போட்ட சிசிஏ. அதே தடிமனில் செம்பு கடத்துகிறதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான் அது கடத்தும். 8 கேஜ் செம்பே சுமார் 8 ஸ்கொயர் எம்எம்தான். இதில் பாதிக்கு மேல் சிவப்பு ரப்பராக இருக்கிற வயரும் கடைகளில் கிடைக்கிறது, மேல் தடிமனைப் பார்த்து ஏமாறாதீர்கள், வெட்டிய முனையைப் பாருங்கள்.

சப்வூஃபரை ஆம்ப்பில் எப்படி மாட்டியிருக்கிறார்கள் என்று சொல்லுங்கள். எனக்கு அங்கேயும் ஒரு சந்தேகம் இருக்கிறது.

ஹார்னஸ்_லைன்:

நான் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கார்களுக்கு வயரிங் ஹார்னஸ் செய்கிற ஆலையில் வேலை செய்கிறேன். ஃபியூஸ் ஏன் போகவில்லை என்று கேட்டீர்கள் இல்லையா, அதற்கு மட்டும் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதுதான் நிறையப் பேருக்குத் தெரியாத இடம்.

ஃபியூஸுக்குத் தன் வழியாகப் போகிற கரண்ட் மட்டும்தான் தெரியும். பக்கத்தில் ஒரு இணைப்பு தளர்ந்து சூடாகிறது என்பது அதற்குத் தெரியாது. உங்கள் ஹோல்டரில் வயரை ஒரு சின்ன ஸ்க்ரூ வைத்து அழுத்தியிருப்பார்கள், வண்டி குலுங்கக் குலுங்க இழைகள் நகர்ந்து இடம் விடும், அலுமினியம் என்றால் அழுத்தத்தில் மெதுவாக நசுங்கி இன்னும் தளரும். அந்த இடத்தில் வெறும் 0.02 ஓம் தடை வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள், மல்டிமீட்டரில் அது பூஜ்ஜியமாகத்தான் தெரியும். 30 ஆம்பியர் போனால், 30 பெருக்கல் 30 பெருக்கல் 0.02, அதாவது 18 வாட் வெப்பம். 50 ஆம்பியர் என்றால் 50 வாட். ஈயம் பற்றவைக்கிற சாதாரண சால்டரிங் அயர்ன் 25 வாட்தான். கார்ப்பெட் மேல் ஒரு சால்டரிங் அயர்னை வைத்துவிட்டுப் பழனிக்குப் போனால் என்ன ஆகுமோ அதுதான் நடந்திருக்கிறது. ஃபியூஸைப் பொறுத்தவரை எல்லாம் சரியாகவே இருந்தது, தன் அளவுக்குள்தான் கரண்ட் போனது.

அதனால் ஹோல்டரை மட்டும் மாற்றினால் திரும்பவும் இதே கதைதான். இணைப்பைச் சரியாகச் செய்யுங்கள். வயருக்குப் பொருத்தமான செம்பு லக் (வயர் முனையில் அழுத்தி மாட்டுகிற, போல்ட்டுக்கு ஓட்டை உள்ள முனை) வாங்குங்கள், 16 ஸ்கொயருக்கு 16 லக், போல்ட்டின் அளவுக்கு ஓட்டை. கட்டிங் பிளையரில் நசுக்குவது க்ரிம்ப் ஆகாது. பெரிய எலக்ட்ரிகல் கடையில் சொன்னால் அவர்களிடம் இருக்கிற க்ரிம்பிங் டூலில் அங்கேயே அடித்துத் தருவார்கள், எத்தனை லக் வேண்டும் என்று வயரை அளந்து எடுத்துக்கொண்டு போனால் வேலை சுலபம். அடித்த பிறகு லக்கை ஒரு கையிலும் வயரை ஒரு கையிலும் பிடித்து முழு பலத்தோடு இழுங்கள். ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலும் வெட்டிவிட்டு வேறு லக். எங்கள் லைனில் மெஷின் வைத்து இழுத்துப் பார்த்துத்தான் அடுத்த இடத்துக்கு விடுவோம். ஈயம் ஊற்றினால் இன்னும் உறுதி என்று சிலர் சொல்வார்கள், ஈயம் இழைகளுக்குள் ஏறி வயர் அந்த இடத்தில் கம்பி மாதிரி விறைத்துவிடும், அப்புறம் அதிர்வில் ஈயம் முடிகிற இடத்தில் ஒவ்வொரு இழையாக ஒடியும். க்ரிம்ப் செய்து மேலே ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போட்டால் போதும்.

எர்த் பக்கத்தையும் பாருங்கள். பாசிட்டிவில் போகிற அதே கரண்ட்தான் எர்த்தில் திரும்பி வருகிறது, ஆகவே அதே தடிமன் வயர், முடிந்தவரை குட்டையாக, ஒன்றரை அடிக்குள். பெயிண்ட் மேல் போல்ட் வைக்காதீர்கள், ஒரு ரூபாய் நாணய அளவுக்கு உப்புத்தாளால் தேய்த்துத் தகரம் பளபளவென்று தெரிந்த பிறகு இறுக்கி, மேலே பெயிண்டோ கிரீஸோ பூசிவிடுங்கள், இல்லாவிட்டால் துரு பிடித்து அங்கே தடை வளரும். சீட் பெல்ட் போல்ட்டில் மட்டும் எர்த் எடுக்கக் கூடாது. அது உயிரைக் காப்பாற்ற ஒரு அளவோடு இறுக்கிய போல்ட்.

ஈரோடு_ஸ்விஃப்ட்:

அக்கா, அண்ணா, இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. சால்டரிங் அயர்ன் உதாரணம் படித்ததும் மனைவியிடம் காட்டினேன், இனிமேல் இது முடிகிற வரைக்கும் பிள்ளைகள் அந்த வண்டியில் ஏற வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

வயரைச் சுரண்டினேன், உள்ளே வெள்ளைதான். எர்த் வயர் டிக்கியின் பக்கத்துத் தகரத்தில் பெயிண்ட் மேலேயே ஒரு ஸ்க்ரூ வைத்து அடித்திருக்கிறார்கள், விரலால் திருப்பினால் லக் சுற்றுகிறது. ரிமோட் என்று எழுதியிருக்கிற இடத்துக்கு ஆம்ப்பின் பாசிட்டிவிலிருந்தே ஒரு சின்ன வயர் போட்டிருக்கிறார்கள். சப்வூஃபரில் ஒரு காயிலிலிருந்து இரண்டு வயர், இன்னொரு காயிலிலிருந்து இரண்டு வயர், ஆம்ப்பில் ஸ்பீக்கருக்கு இரண்டு ஜோடி ஓட்டை இருக்கிறது, ஜோடிக்கு ஒரு காயில் என்று பார்க்க அழகாகத்தான் மாட்டியிருக்கிறது. ஆம்ப்பிலிருந்து கழற்றாமல் அளந்தால் குழப்பம் வரும் என்று, கழற்றி, ஒவ்வொரு காயிலையும் தனியாக அளந்தேன், 1.8 காட்டுகிறது.

காயில்_கணக்கு:

கிடைத்துவிட்டது. ஆம்ப் ஏன் புரொடெக்ட்டுக்குப் போகிறது, ஹோல்டருக்கு ஏன் அவ்வளவு கரண்ட் போனது, இரண்டுக்கும் காரணம் அந்த அழகான இணைப்புதான்.

மோனோ ஆம்ப்பில் ஸ்பீக்கருக்கு இரண்டு ஜோடி ஓட்டை இருந்தாலும் உள்ளே அவை ஒன்றாகத்தான் இணைந்திருக்கும். இரண்டு பெட்டி மாட்டுகிறவர்களுக்கு வசதிக்காகக் கொடுத்தது. ஜோடிக்கு ஒரு காயில் மாட்டினால் அது பேரலல். 2 ஓமும் 2 ஓமும் பேரலல் என்றால் 1 ஓம். உங்கள் ஆம்ப் 2 ஓமுக்குக் கீழே ஓடாது, அது தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் சிவப்பு லைட் போட்டுக்கொண்டிருந்தது. 1.8 காட்டுவது சரியே, 2 ஓம் காயில் மீட்டரில் 1.6 முதல் 1.9 வரை காட்டும்.

உங்களுக்கு வேண்டியது சீரீஸ். ஆம்ப்பின் பிளஸ்ஸிலிருந்து முதல் காயிலின் பிளஸ்ஸுக்கு ஒரு வயர். முதல் காயிலின் மைனஸிலிருந்து இரண்டாவது காயிலின் பிளஸ்ஸுக்கு ஒரு சின்னத் துண்டு. இரண்டாவது காயிலின் மைனஸ் ஆம்ப்பின் மைனஸுக்கு. ஆம்ப்பில் ஒரு ஜோடி ஓட்டை மட்டும் பயன்படும், மற்றது காலியாக இருக்கட்டும். இப்போது 4 ஓம். ஆம்ப்புடன் இணைப்பதற்கு முன் அந்த இரண்டு வயர் முனைகளில் மீட்டர் வைத்தால் 3.6 பக்கம் காட்ட வேண்டும், 0.9 காட்டினால் நிறுத்திவிட்டு முதலிலிருந்து பாருங்கள். பிளஸ் மைனஸ் ஒரு காயிலில் மாறிவிட்டால் இரண்டு காயிலும் ஒன்றை ஒன்று எதிர்த்து பேஸே வராமல் காயில் மட்டும் சூடாகும், அதனால் கூம்புக்குப் பின்னால் இருக்கிற குறியை டார்ச் அடித்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

4 ஓமில் ஆம்ப் 300 வாட் கொடுக்கும், சப்வூஃபர் 350 வாங்கும், பொருத்தம் அருமை. பேட்டரியிலிருந்து எவ்வளவு இழுக்கும் என்று பார்த்தால், கிளாஸ் டி சுமார் 80 சதவீதத் திறன் என்று எடுத்துக்கொண்டு 300ஐ 0.8ஆல் வகுத்து 375 வாட், அதை 13.5 வோல்ட்டால் வகுத்தால் 28 ஆம்பியர். பாட்டு ஓடும்போது சராசரி இன்னும் குறைவு. 16 ஸ்கொயர் செம்பில் ஐந்து மீட்டருக்கு 0.15 வோல்ட்தான் விழும். பழைய சிசிஏ வயரில் இதே கரண்டுக்கே அரை வோல்ட் பக்கம் விழுந்திருக்கும், நீங்கள் ஓட்டியதோ அதைவிட அதிகம்.

ஆம்ப்பில் இருக்கிற கெயின் நாப் விஷயம். செட்டிலிருந்து வருகிற சிக்னலுக்கு ஆம்ப்பைப் பொருத்துவதற்கு அது, வால்யூம் நாப் இல்லை, முழுக்கத் திருகி வைத்தால் ஒலி நறுக்கப்பட்டுக் காயில்தான் வேகும். சப்வூஃபரைக் கழற்றிவிட்டு, பேஸ் பூஸ்ட் எல்லாம் பூஜ்ஜியத்தில் வைத்து, 50 ஹெர்ட்ஸ் டெஸ்ட் டோன் ஒன்றை முழு அளவில் பதிந்ததாக எடுத்து ஓட்டி, செட்டின் வால்யூமை முக்கால் பங்கில் வைத்து, ஆம்ப்பின் ஸ்பீக்கர் ஓட்டைகளில் ஏசி வோல்ட்டை அளங்கள். 300 பெருக்கல் 4, அதன் வர்க்கமூலம் 34.6. கெயினைக் கீழேயிருந்து மெதுவாக ஏற்றி 34 வந்ததும் நிறுத்துங்கள். தாழ்ந்த ஒலியை மட்டும் விடுகிற லோ பாஸ் ஃபில்டரை 80 ஹெர்ட்ஸில் வையுங்கள். முனைகளில் விரல் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மதுரை_ஆட்டோ_எலக்ட்ரீஷியன்:

காயில் கணக்கு சொன்னது நூற்றுக்கு நூறு. காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகாததற்குக் காரணம் அந்தக் குட்டி ரிமோட் வயர். ரிமோட்டில் 12 வோல்ட் இருக்கிற வரைக்கும் ஆம்ப் விழித்திருக்கும், ராத்திரி முழுக்க பேட்டரியை உறிஞ்சும். கம்பெனி செட்டில் ரிமோட் வயர் கிடைக்காவிட்டால், சாவியை ஏசிசியில் (இன்ஜின் ஓடாமல் செட் மட்டும் ஓடுகிற நிலை) வைத்தால் மட்டும் கரண்ட் வருகிற ஃபியூஸ் ஒன்றை மீட்டரால் கண்டுபிடித்து, அந்த இடத்தில் தனி வயர் எடுக்க உதவுகிற ஃபியூஸ் டேப் செருகி 2 ஆம்பியர் ஃபியூஸோடு எடுங்கள். ஏர்பேக் ஃபியூஸ், ஏபிஎஸ் ஃபியூஸ் பக்கம் போகக் கூடாது.

வேலை செய்கிற வரிசை: முதலில் பேட்டரி மைனஸைக் கழற்றுங்கள், மாட்டும்போது அதைக் கடைசியாக. பிளஸ்ஸில் ஸ்பானர் போடும்போது அது பாடியில் பட்டால், மைனஸ் மாட்டியிருந்தால் ஷார்ட், கழற்றியிருந்தால் ஒன்றும் ஆகாது. அப்புறம் 60 ஆம்பியர் ஃபியூஸை வெளியே எடுத்து வைத்துக்கொண்டுதான் வயர் இழுக்க வேண்டும். புதிதாக ஓட்டை போடாதீர்கள், ஏற்கனவே ஹார்னஸ் போகிற ரப்பர் புஷ் இருக்கும், அதில் ஓரமாக ஒரு கீறல் போட்டால் வயர் நுழையும். இன்ஜின் ரூம் முழுக்க நெளி பைப்புக்குள் வயர் போகட்டும், சைலன்சர் பக்கம் நெருங்காமல். உள்ளே கதவுப்படி பிளாஸ்டிக்குக்கு அடியில் கொண்டுபோகும்போது மஞ்சள் ஸ்லீவ் போட்ட வயர் தெரிந்தால் அதைத் தொடாதீர்கள், அது ஏர்பேக்குடையது. ஆம்ப்புக்குப் பாட்டு சிக்னல் கொண்டுவருகிற ஆர்சிஏ வயர் வண்டியின் எதிர்ப்பக்கமாகப் போகட்டும், இரண்டும் ஒட்டிப் போனால் இன்ஜின் சத்தம் ஸ்பீக்கரில் கேட்கும்.

பெட்டியை நிறுத்த ஸ்க்ரூ அடிக்கிறீர்கள் என்றால் வண்டிக்கு அடியில் படுத்து ஒரு முறை பார்த்துவிட்டு அடியுங்கள். பின்சீட்டுக்குக் கீழே பெட்ரோல் டேங்க்.

சிஎன்ஜி_வேகன்ஆர்:

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். என் வண்டி கம்பெனி சிஎன்ஜி, டிக்கியில் சிலிண்டர் இருக்கிறது. மீதி இடத்தில் 10 இஞ்ச் பெட்டி நுழையும். இதே மாதிரி செய்யலாமா?

மதுரை_ஆட்டோ_எலக்ட்ரீஷியன்:

வேண்டாம் சார். சிலிண்டரில் கேஸ் 200 பார் அழுத்தத்தில் இருக்கிறது. அதன் வால்வுக்கும் பைப்புக்கும் பக்கத்தில் சூடாகிற ஆம்ப்பும் பவர் வயரும் வருவது எனக்குச் சம்மதம் இல்லை, எத்தனை நல்ல வயர் போட்டாலும் இல்லை. என்னிடம் வந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன். முன்சீட்டுக்கு அடியில் வைக்கிற ஆம்ப்போடு சேர்ந்த தட்டையான சப்வூஃபர் கிடைக்கிறது, கரண்டும் குறைவாக எடுக்கும், வயர் டிக்கிப் பக்கமே போக வேண்டியதில்லை. அதற்கும் பேட்டரி பக்கத்தில் ஃபியூஸ் கட்டாயம்.

ஈரோடு_ஸ்விஃப்ட்:

இரண்டு ஞாயிற்றுக்கிழமை எடுத்தது, முடித்துவிட்டேன். 16 ஸ்கொயர் செம்பு வயர் ஆறு மீட்டர் வாங்கினேன், பழையதையும் இதையும் இரண்டு கையில் பிடித்துப் பார்த்தால் எடையே சொல்லிவிடுகிறது. லக் எல்லாம் எலக்ட்ரிகல் கடையிலேயே அடித்து வாங்கினேன். அக்கா சொன்ன மாதிரி இழுத்துப் பார்த்ததில் ஒன்று கழன்று வந்தது, அவர்களே வேறு அடித்துக் கொடுத்தார்கள். ஃபியூஸ் பேட்டரியிலிருந்து 25 செ.மீ. எர்த்துக்குத் தகரம் தெரியத் தேய்த்தேன், பழைய ஸ்க்ரூ இருந்த இடத்தைச் சுற்றிப் பெயிண்ட் பழுப்பாகியிருந்தது, அங்கேயும் சூடாகியிருக்கிறது போல.

சீரீஸ் போட்டு அளந்தபோது 3.7 வந்தது. கெயின் 34 வோல்ட்டில் நிறுத்தினேன், நாப் பாதிகூட வரவில்லை. பேஸ் முன்னைவிடக் குறையும் என்று நினைத்தேன், குறையவே இல்லை, இறுக்கமாக இருக்கிறது, சிவப்பு லைட்டும் வரவில்லை. காங்கேயம் வரை போய்த் திரும்பி வந்து உடனே பானெட்டைத் திறந்து ஃபியூஸ் ஹோல்டர், டிக்கியில் லக், எர்த் போல்ட் மூன்றையும் தொட்டுப் பார்த்தேன், எதுவும் தனியாகச் சூடாக இல்லை. மூன்று நாளாகக் காலையில் ஒரே அடியில் ஸ்டார்ட் ஆகிறது.

மதுரை_ஆட்டோ_எலக்ட்ரீஷியன்:

நல்லது தம்பி. ஒரு மாதம் ஓடிய பிறகு பேட்டரி டெர்மினல், ஃபியூஸ் போல்ட், எர்த் போல்ட் மூன்றையும் ஒரு முறை ஸ்பானர் போட்டுப் பார்த்துவிடுங்கள், மைனஸைக் கழற்றிவிட்டு. ஒரு 60 ஆம்பியர் ஃபியூஸ் கூடுதலாக வாங்கி டேஷ்போர்டில் போட்டு வையுங்கள். என்றைக்காவது அது போனால் காரணம் தெரியாமல் புதிதைப் போட்டுவிடாதீர்கள், வயரை முழுக்கப் பார்த்துவிட்டுப் போடுங்கள்.